சுவிட்சுக்கு எஜமானர் யார்?

கையிலுள்ள சிறு பொத்தானை அழுத்தினால் அடுத்த அறையின் மின்விளக்கு எரியும் கம்பியில்லா 'ரிமோட் பிளக்' இன்று கடைகளில் கிடைக்கிறது. இது மாயமன்று. 1895இல் ஜகதீச சந்திர போஸ், கல்கத்தா நகர மண்டபத்தில் மின்காந்த அலைகளைச் சுவரின் ஊடே அனுப்பி மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்க வைத்தார். அலை கொண்டு சென்றது கட்டளையை மட்டுமே. வேலை செய்த ஆற்றல் அங்கேயே இருந்தது. ரிமோட் பிளக்கின் தத்துவமும் இதுவே.

இத்தகைய ரிமோட்டுகள் பல 433 மெகாஹெர்ட்ஸ் அலையில் 24 துடிப்புகள் கொண்ட குறியீட்டை அனுப்புகின்றன. குறுகிய துடிப்பு 0, நீண்டது 1. பிளக்கினுள் உள்ள சில்லு அக்குறியீட்டை அறிந்ததும் ரிலே மூடி, மின்சாரம் பாய்கிறது. ஆர்டுவினோ போன்ற ஒரு மைக்ரோகண்ட்ரோலரும், சிறிய அலை ஏற்பியும் அனுப்பியும் இருந்தால், அக்குறியீட்டைப் பதிவு செய்து நாமே திருப்பி அனுப்பலாம்.

இதனைப் பள்ளி மாணவர்கள் அவசியம் செய்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. 5 வோல்ட்டில் இயங்கும் அனுப்பியை மட்டும் செய்யுங்கள். 230 வோல்ட் பாயும் பிளக்கைத் திறக்கவே வேண்டாம்.

செய்து பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். 24 துடிப்புகளால் சுமார் 1 கோடியே 68 லட்சம் குறியீடுகள் அமையும். ஆனால் மாறாத குறியீட்டை ஒருமுறை கேட்டவர் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. அழுத்தியவர் யாரென்று சுவிட்சுக்குத் தெரியாது!

விளக்கானால் பெரிய நஷ்டமில்லை. மோட்டாரானால்? நமது கோவில்பட்டிக் கரிசல் பூமியில் பெரும்பகுதி மானாவாரி. கிணற்றுப் பாசனம் உள்ள இடங்களில், இரவில் தோட்டத்திற்கு நடக்கும் சிரமத்தைக் கைபேசியால் இயங்கும் மோட்டார் ஸ்டார்ட்டர் தீர்க்கிறது. தமிழக வேளாண்மைப் பொறியியல் துறை இதற்கு மானியமும் வழங்கியுள்ளது. பதிவு செய்த எண்ணுக்கு மட்டும் பணியுமாறு இதனை அமைக்க முடியும். எனினும், உரியவரே வீட்டிலிருந்து அழைக்கும்போது கிணற்றடியில் ஒருவர் மோட்டாரைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தால்? அவரைக் கைபேசி காணாது. அவர் முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸ் கட்டையைக் கழற்றித் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும்.

தொலைவிலிருந்து இயக்கும் வசதி நல்லதே. ஆனால் இறுதி அதிகாரம் அருகில் நிற்பவரின் கையில் இருக்க வேண்டும். இந்த ஒழுங்கையும் சேர்த்துக் கற்பதே முழுமையான அறிவியல் கல்வி.