ஆரஞ்சுச் சந்தையும் ஆறாவது அட்டவணையும்

அருள்திரு ஜேம்ஸ் ஜாய் மோகன் நிக்கல்ஸ் ராய் (1884–1959) காசி மலைகளில் பிறந்த புராட்டஸ்டன்ட் போதகர். அசாமில் அமைச்சராகவும் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினராகவும் இருந்தவர். வடகிழக்கு மலைப் பழங்குடிப் பகுதிகளுக்குத் தன்னாட்சி மாவட்டக் கவுன்சில்களைத் தந்த அரசமைப்பின் ஆறாவது அட்டவணை என்றால் அசாம் தலைவர் கோபிநாத் பர்தோலாயின் பெயர்தான் முதலில் சொல்லப்படும். அதற்கு அடித்தளமிட்ட, பர்தோலாய் தலைமையேற்ற துணைக்குழுவில் இந்தப் போதகரும் இருந்தார் என்பது பலருக்கும் தெரியாது.

காசி மலைக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுபோனது வேல்ஸ் நாட்டு மிஷன். 1841இல் செரபுஞ்சிக்கு வந்த தாமஸ் ஜோன்ஸ், காசி மொழியை ரோமன் எழுத்தில் எழுதக் கற்பித்தார். சபையும் பள்ளிக்கூடமும் ஒரே வளாகத்தில் வளர்ந்தன. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தாருக்கு லண்டன் மிஷனரி சங்கத்தின் (எல்.எம்.எஸ்.) காலம் நினைவுக்கு வரலாம். 1859இல் நாடார் பெண்களின் மேலாடை உரிமைக்கான அரச விளம்பரம் வரும்வரை இங்கே திருவிதாங்கூரிலும் மிஷனரிகள் அரசுக்கு மனு எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் அந்த மனுக்களில் கையெழுத்திட்டவர்கள் வெள்ளைக்காரர்கள். காசி மலையிலோ பின்னாளில் உள்ளூர்ப் போதகர் ஒருவர் நேராகச் சட்டமன்றத்துக்குள் போய்விட்டார்.

சட்டமன்றம் போகும் முன்பே நிக்கல்ஸ் ராய்க்குச் சந்தை தெரியும். வேல்ஸ் சபையை விட்டு 'சர்ச் ஆஃப் காட்' சபைக்கு வந்திருந்த அவர், 1918இல் பழ வியாபாரத்துக்காக ஒரு கம்பெனி தொடங்கினார். தெற்குச் சரிவுகளில் ஆரஞ்சும் பாக்கும் வெற்றிலையும் விளைந்தன. அவற்றை வாங்கும் சந்தையோ கீழே சில்லெட் சமவெளியில். விளைவிப்பவர் ஒருவர், விலை சொல்பவர் வேறொருவர். ஞாயிறு பிரசங்கத்தைவிட இந்தக் கணக்குதான் அவருடைய அரசியலைத் தீர்மானித்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

அட்டவணையின் பத்தாவது பத்தியைப் படித்தால் காரணம் புரியும். பழங்குடியினர் அல்லாதவர் மாவட்டத்துக்குள் வட்டிக்கு விடுவதையும் வியாபாரம் செய்வதையும் மாவட்டக் கவுன்சில் ஒழுங்குபடுத்தலாம். ஆனால் விதி நிறைவேற மொத்த உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரிக்க வேண்டும். முன்பே கடை வைத்திருப்பவருக்கு உரிமம் மறுக்கக் கூடாது. நிலம், காடு, வாரிசுரிமை, கிராம நிர்வாகம் ஆகியவையும் கவுன்சிலின் சட்டமியற்றும் அதிகாரத்துக்குள் வந்தன.

1949 செப்டம்பரில் அட்டவணை அரசியல் நிர்ணய சபையில் விவாதத்துக்கு வந்தபோது எதிர்ப்பு அசாமிலிருந்தே கிளம்பியது. அசாம் உறுப்பினர் குலதர் சாலிஹா போன்றோர் பிரிவினைக்கு வழி பிறக்கும் என்று அஞ்சினர். மலைச் சமூகத்தில் சாதி இல்லை, கூடிப் பேசி முடிவெடுக்கும் பழக்கம் உண்டு, ஜனநாயகத்தை அவர்களுக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை என்பது நிக்கல்ஸ் ராயின் வாதம்.

இதற்குள் நாடு பிரிந்திருந்தது. சில்லெட் பாகிஸ்தானுக்குப் போக, தோட்டம் இந்தியாவிலும் சந்தை எல்லைக்கு அப்பாலும் ஆகிவிட்டன. எல்லைக்கோடு வீட்டு வாசலில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை, 1956இல் பக்கத்துத் தாலுகாவான விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போனதைப் பார்த்த காஞ்சிரங்குளத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். இங்கே மாறியது மாநிலம். அங்கே மாறியது நாடு.

சொந்த மலையிலும் நிக்கல்ஸ் ராய்மீது மனத்தாங்கல் இருந்தது. 25 காசி சமஸ்தானங்களின் தலைவர்கள் தங்கள் பழைய அதிகாரம் கவுன்சிலுக்குக் கைமாறுவதை விரும்பவில்லை. அந்த வருத்தத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. நாகர்களோ அட்டவணையையே ஏற்கவில்லை. 1952இல் காசி-ஜெயந்தியா கவுன்சில் செயல்படத் தொடங்கியது. ஆனால் பணமும் ஆளுநரின் ஒப்புதலும் அசாம் அரசின் வழியேதான் வர வேண்டியிருந்தது.

ஆகவே தனி மாநிலக் கோரிக்கை எழுந்தது. 1959 நவம்பர் 1 அன்று போதகர் மறைந்தார். அடுத்த ஆண்டு உருவான அனைத்துக் கட்சி மலைத் தலைவர்கள் மாநாட்டின் முன்னணியில் அவர் மகன் ஸ்டான்லி இருந்தார். 1972 ஜனவரி 21 அன்று மேகாலயா தனி மாநிலமானது. சட்டமன்றம் வந்த பிறகும் கவுன்சில்களைக் கலைக்கவில்லை. ஷில்லாங்கில் இன்றும் இரண்டும் நடக்கின்றன.