முகமும் ஆகாயமும்

ஒரகடத்தில் ஷிப்ட் மாறும் வேளை. கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. கழுத்தில் அடையாள அட்டையும் கையில் சாப்பாட்டுப் பையுமாகப் பெண்கள் இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள். தமிழ் சினிமா இதைப் படம் எடுத்தால் காமிராவை எங்கே வைக்கும்? ஆகாயத்தில். டிரோன் வந்தபின் ஆகாயம் மலிந்துவிட்டது. பஸ்கள் தீப்பெட்டிகளாகவும் பெண்கள் எள்ளாகவும் தெரிவார்கள். அடுத்த ஷாட்டில் கதாநாயகனின் செருப்பு, குளோஸ்-அப்பில். ஒரு செருப்புக்குக் கிடைக்கும் நெருக்கம் நம் சினிமாவில் ஒரு தொழிலாளிக்குக் கிடைப்பதில்லை.

ஷாட்டின் அளவு டெக்னிக் சமாச்சாரம், விமர்சகனுக்கு அங்கே என்ன வேலை என்பார்கள் நம்மவர்கள். முகத்தளவு என்றால் குளோஸ்-அப். இடுப்புவரை மிட் ஷாட். தலைமுதல் பாதம்வரை புல் ஷாட். எல்லாமே மனித உடலை அளவுகோலாக வைத்துச் சொன்னவை. ஒருவனுக்கு எவ்வளவு இடம் தருவது, அவனைச் சுற்றி எதை விட்டுவைப்பது என்று தீர்மானிக்கிற காரியம் அது. அது வெறும் டெக்னிக் என்றால் மரியாதையும் டெக்னிக்தான்.

1895ல் லியோன் நகரில், போட்டோ பிளேட் தயாரிக்கும் தங்கள் தொழிற்சாலை வாசலுக்கு எதிரே லூமியேர் சகோதரர்கள் காமிராவை நிறுத்தினார்கள். ஒரு நிமிஷத்துக்கும் குறைவான படம். வேலை விட்டு வெளியே வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எடுத்தவர் முதலாளி, ஒரு தடவைக்கு மேல் எடுத்துப் பார்த்ததும் உண்டு. புரட்சி ஒன்றுமில்லை. ஆனாலும் ஒவ்வொருத்தியும் முழுசாகத் தெரிகிறாள். சினிமா அந்தத் தூரத்தில்தான் கண் திறந்தது.

குளோஸ்-அப்பை நான் பழிக்கவில்லை. டிரையர் 1928ல் ஜோன் ஆஃப் ஆர்க்கின் கதையை ஏறக்குறைய முகங்களாலேயே சொன்னார். அங்கே கைதிக்கும் நீதிபதிக்கும் ஒரே நெருக்கம். இங்கோ நெருக்கம் நட்சத்திரத்தின் சம்பளத்தோடு சேர்ந்தது.

தமிழுக்கு ஆகாத காரியமும் அல்ல. பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) படத்தில், பாதி எழும்பிய வீட்டைப் பார்க்க வரும் சொக்கலிங்க பாகவதரை நினைத்துக்கொள்ளுங்கள். கிழவரும் சுவரும் ஒரே சட்டத்துக்குள் இருக்கிறார்கள். வேறென்ன வசனம் வேண்டும்?

நான் வங்கிக் குமாஸ்தா. கவுண்டருக்கு எதிரே வந்து நிற்கும் பெண்ணை இடுப்புக்கு மேல்தான் பார்க்கிறேன். உத்தியோகம் எனக்குக் கொடுத்த மிட் ஷாட் அது. பாஸ்புக், பணம் எண்ணும் விரல்கள், பின்னால் காத்திருக்கும் தோழி. ஷிப்ட் முழுக்க நின்ற பாதங்களை மேஜை மறைத்துவிடுகிறது.

2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் தோழிகள் நோயுற்றபோது, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துப் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். அந்தப் பாதங்கள் சாலைக்கு வந்த நாள் அது. அவர்களைத் தலைமுதல் பாதம்வரை காட்டத் தரையில் ஊன்றிய ஒரு முக்காலி போதும். கோடிகளில் புரளும் நம் சினிமாவுக்கு அந்த முக்காலி வாங்கத்தான் காசில்லை.