ஹீட்டர் வேலை செஞ்சுது... அங்கதான் வினை!

வாராவாரம் ஏதாவது ஒரு மெஷினைக் கழட்டிப் போட்டுட்டு உங்ககிட்ட கதை சொல்றவன் நான். இந்த வாரம் நான் கழட்டவே இல்ல. வெறும் போன்லயே கழட்டினேன். கிட்டத்தட்ட ஒரு உயிருக்கே உலை வெச்சிருப்பேன்!

போன டிசம்பர், ஸ்டடி லீவ். ராத்திரி பதினொன்றரைக்கு ஜெர்மனியில எம்.எஸ் படிக்கிற எங்க சீனியர் அண்ணன் வீடியோ கால்ல வந்தார். "டேய் தம்பி, நீ மெக்கானிக்கல்தானே? கார்ல ஹீட்டர் வரலடா. வெரைச்சுச் சாகறேன்!" அவரோட வீட்டு ஓனர் தாத்தாகிட்ட 1971 மாடல் பீட்டில் ஒண்ணு இருக்கு. லேபுக்குப் போய்வர அதைக் குடுத்திருக்கார். அதாங்க, ஆமை முதுகு மாதிரி வளைஞ்ச குட்டிக் கார். 2003-ல மெக்ஸிகோவுல கடைசி வண்டி இறங்கினப்போ மொத்தக் கணக்கு 2 கோடியே 15 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

நம்ம ஊர் கார்ல எல்லாம் இன்ஜினைச் சுத்தி தண்ணி ஓடும். அந்தச் சுடுதண்ணியில கொஞ்சத்தை டேஷ்போர்டு பக்கம் திருப்பிவிட்டா ஹீட்டர் ரெடி. பீட்டில்ல ரேடியேட்டரும் கிடையாது, தண்ணியும் கிடையாது. இன்ஜின் பின்னாடி இருக்கும், அதை ஒரு ஃபேன் காத்தடிச்சே குளிர வைக்கும். அப்ப உள்ளே உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சூடு எங்கேருந்து வரும்?

சைலன்ஸருக்குப் போற புகைக்குழாய்லேருந்து! அந்தக் குழாயைச் சுத்தி ஒரு தகரக் கூடு இருக்கும். இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு. இதுக்குப் பேர் ஹீட் எக்ஸ்சேஞ்சர். ஃபேன் அடிக்கிற காத்துல ஒரு பங்கு, ரெண்டு ஹோஸ் வழியா இந்தக் கூட்டுக்குள்ள வந்து, குழாயை உரசிச் சூடாகி, கதவுக்குக் கீழே இருக்கிற பெட்டி மாதிரியான சட்டம் வழியா முன்னாடி போய் காலையும் கண்ணாடியையும் சூடாக்கும். உள்ளே புகை, வெளியே நீங்க சுவாசிக்கிற காத்து, நடுவுல ஒரு தகரம். இந்த வரியை ஞாபகம் வெச்சுக்கோங்க, பாஸ்.

நாங்க வரிசையா இறங்கினோம். முதல்ல லீவர். ஹேண்ட் பிரேக் பக்கத்துல இருக்கிற ஹீட்டர் லீவரைத் தூக்கினா, ஒரு கேபிள் இழுத்துப் பின்னாடி இருக்கிற மூடியைத் திறக்கணும். "கீழ குனிஞ்சு பாருங்கண்ணே, அசையுதா?" "இல்லடா, கல்லு மாதிரி நிக்குது." துருவில கேபிள் பிடிச்சிருந்தது. துரு இளக்குற ஆயிலை அடிச்சு ஒரு ராத்திரி ஊறவிட்டதுல கழண்டுருச்சு.

அப்பவும் சூடு வரல. அடுத்து ஹோஸ். இன்ஜின் மூடியைத் திறந்து டார்ச் அடிச்சா, ஒண்ணு கிழிஞ்சு தொங்குது. காத்து எக்ஸ்சேஞ்சருக்குப் போகாம அங்கேயே வீணாகுது. இது ஹீட்டருக்கு மட்டும் கேடு இல்ல, இன்ஜினைக் குளிர வைக்கிற காத்தும் சேர்ந்து ஒழுகும். தாத்தா கடைக்குப் போய் புது ஹோஸ் ரெண்டு வாங்கிவந்து மாட்டினார்.

அதுக்கப்புறம் கதவுக்குக் கீழே இருக்கிற சட்டத்தையும் தடவிப் பார்க்கச் சொன்னேன். அங்க ஓட்டை விழுந்தா சூடு ரோட்டுக்குத்தான் போகும். பனிக்காலத்துல அந்த ஊர் ரோட்ல உப்பு தூவுவாங்க. தகரத்துக்கு அது எமன். நல்லவேளை, அது திடமா இருந்தது.

மறுநாள் மெசேஜ்: "சூடு வந்துருச்சுடா! நீதான்டா இன்ஜினீயர்!"

எனக்குத் தலைகால் புரியல. கெத்தா ஒரு அட்வைஸும் போட்டேன். "கண்ணாடியை ஃபுல்லா ஏத்திக்கோங்கண்ணே. கதவிடுக்குல டேப் ஒட்டினா சூடு வெளிய போகாது."

மூணாவது நாள், பேச்சோட பேச்சா ஒண்ணு சொன்னார். "ஹீட்டர் சூப்பர். ஆனா லேபுல போய் இறங்கினா தலை வலிக்குது, குமட்டுது. ஒரு மணி நேரத்துல சரியாயிடுது. ஜலதோஷம் பிடிக்குது போல."

நானும் "ஆவி பிடிங்கண்ணே"ன்னு அனுப்பிட்டு, ஹீட் டிரான்ஸ்ஃபர் பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தேன். புக்ல ஹீட் எக்ஸ்சேஞ்சர் படம். சூடான திரவம் ஒருபக்கம், குளிர்ந்தது இன்னொரு பக்கம், நடுவுல ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பார்த்ததும் வயித்துக்குள்ள ஏதோ புரண்டுச்சு. இந்தக் கோட்டுல ஓட்டை விழுந்தா?

உடனே கால் பண்ணினேன். "அண்ணே, வண்டியை எடுக்காதீங்க. இன்னிக்கே டாக்டரைப் பாருங்க."

கார்பன் மோனாக்ஸைடு. நிறம் கிடையாது, வாசம் கிடையாது. ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல இதைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அப்புறம் தூக்கம். ஸ்டியரிங் பிடிச்சுக்கிட்டே தூங்கினா?

மறுநாள் தாத்தா வண்டியைக் கயிறு கட்டி ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துட்டுப் போனார். இடது எக்ஸ்சேஞ்சருக்குள்ள, புகைக்குழாய்ல, கட்டைவிரல் நகம் அளவுக்குத் துரு தின்ன ஓட்டை! அம்பது வருஷத் துரு, யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா யோசிச்சுப் பாருங்க. கேபிள் பிடிச்சிருந்தவரைக்கும் மூடி மூடியே இருந்தது. ஹோஸ் கிழிஞ்சிருந்தவரைக்கும் காத்து அந்தப் பக்கம் ஒழுங்கா போகல. அந்த ரெண்டு ரிப்பேரும்தான் அண்ணனை ஓரளவு காப்பாத்திக்கிட்டு இருந்திருக்கு. நான் ரெண்டையும் சரிபண்ணி, புகைக்குப் பாதை போட்டுக் குடுத்து, ஜன்னலையும் சாத்தச் சொல்லியிருக்கேன்!

ஒர்க்‌ஷாப்காரர் இன்னொண்ணும் காட்டினாராம். இன்ஜின் ரூமைச் சுத்தி இருக்கிற ரப்பர் பட்டை போயிருந்தாலும், கீழேருந்து வர்ற புகையை ஃபேன் உறிஞ்சி உள்ள அனுப்பிடும். இன்ஜின்ல ஆயில் கசிஞ்சு எக்ஸ்சேஞ்சர் மேல சொட்டினாலும் நாத்தம் உள்ள வரும். நாத்தம் வந்தா சந்தோஷப்படுங்க, அது எச்சரிக்கை மணி. ஆனா அது வரலைங்கிறதுக்காக நிம்மதியா இருந்துடாதீங்க.

அண்ணன் நல்லா இருக்கார். எக்ஸ்சேஞ்சர் ரெண்டும் புதுசு. டேஷ்போர்டு மேல பேட்டரியில ஓடுற கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒண்ணு உட்கார்ந்திருக்கு. ஜன்னல் ஒரு விரல்கடை திறந்தே இருக்கு.

எந்த வண்டியா இருந்தாலும் சரி, உள்ள உட்கார்ந்தா தலை வலிச்சு, இறங்கினா சரியாகுதுன்னா அது ஜலதோஷம் இல்லீங்க. ஓரங்கட்டுங்க, கதவைத் திறங்க, வெளிய வந்து நில்லுங்க, டாக்டரைப் பாருங்க. மிச்ச ரிப்பேர் அப்புறம்.

அந்த டேப் அட்வைஸ் மெசேஜை நான் இன்னும் டெலீட் பண்ணல. "நீதான்டா இன்ஜினீயர்"னு யாராவது சொல்றப்ப எல்லாம் ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கறேன்.

அடுத்த வாரம் பார்க்கலாம், மக்கள்ஸ்!