மூலம் கேட்டால் துரோகமா?

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. கம்பஸில் படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் வாசியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வாசித்து முடித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து இன்றைக்கு யாழ்ப்பாணம், வவுனியா, கிளிநொச்சி அறிவியல் நகர், வந்தாறுமூலை, ஒலுவில் என்று எல்லாப் பக்கமும் பிள்ளைகள் கம்பஸ் போகிறார்கள். 2009இல் தாயின் இடுப்பில் இருந்தபடி முகாமுக்குள் போன பிள்ளைகளும் இவர்களில் இருக்கிறார்கள். இவர்களின் படிப்பைக் குறைத்துப் பேச எங்களுக்கு மனம் வராது. ஆனால் லீவில் வந்து "சேர், இந்த ஒப்படையை ஒருக்காப் பாருங்கோ" என்று நீட்டும்போது, படிப்பிக்கிற எங்களுக்கு நெஞ்சு பதறுகிறது.

"இந்தத் தகவலை எங்க எடுத்தனீங்கள்?"

"நெட்டில, சேர்."

"நெட்டில எங்க?"

"கூகிள்ல."

கூகிளில் எடுத்தேன் என்பது சந்தையில் வாங்கினேன் என்று சொல்வது போல. எந்தக் கடை, யாரிடம், பழசா புதுசா என்ற ஒன்றுக்கும் அதில் பதில் இல்லை. மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிற ஊர் இது. பிள்ளையின் பட்டத்துக்குப் போகிற தகவலை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பையில் போடச் சொல்கிறது.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. "ஒப்படைதானே, எதையாவது போட்டுக் குடு" என்று சொல்லும் பெற்றோர் இருக்கிறார்கள். போன வருடத்து ஒப்படையில் பெயரை மாற்றி அடித்துக் கொடுத்துக் காசு வாங்கும் கொமினிகேசன்கள் இருக்கின்றன. உசாத்துணைப் பட்டியலில் இருபது நூல் இருந்தால், அதில் ஒன்றையாவது தேடிப் பார்க்காமல் புள்ளி போடும் விரிவுரையாளர்களும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறோம்.

"இதில என்ன பெரிய விசயம் கிடக்கு? பிள்ளை பாஸ் பண்ணினால் போதாதா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும்.

ஆவணம் அழிந்த சனம் நாங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் காணி உறுதியைக்கூட விட்டுவிட்டுப் போனார்கள். 2009இல் இந்த மண்ணில் பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூட இடாப்பு, கலியாண ஆல்பம் எதுவும் மிஞ்சவில்லை. இப்படிப்பட்ட ஊரைப் பற்றி எங்கள் பிள்ளை எழுதுகிற ஆய்வுக்கட்டுரை நாளைக்கு இன்னொருவருக்கு மூலமாகும். அதில் இருப்பது பொய் என்றால், அந்தப் பொய்தான் எங்கள் வரலாறு என்று நிற்கும்.

ஒரு எண்ணை எடுப்போம். 1,46,679. வன்னியில் இந்த எண்ணைக் கேள்விப்படாதவர் இல்லை. ஒவ்வொரு மே மாதமும் முகநூலில் "1,46,679 பேர் கொல்லப்பட்டனர்" என்று வரும். பிள்ளைகள் அதை அப்படியே ஒப்படையில் எழுதுகிறார்கள். மூலம் கேட்டால் ஒரு முகநூல் படம்.

இந்த எண் எங்கிருந்து வந்தது? மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழு முன் வைத்த கணக்கு அது. 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்ததாகக் கச்சேரிப் பதிவு சொன்ன சனத்தொகை 4,29,059. 2009 ஜூலை நிலவரப்படி அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்ததாக ஐ.நா. சொன்ன தொகை 2,82,380. கழித்துப் பாருங்கள், 1,46,679 வரும். இவர்களுக்கு என்ன நடந்தது, பதில் சொல்லுங்கள் என்றுதான் ஆண்டகை கேட்டார். இவ்வளவு பேர் கொல்லப்பட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. அரச கச்சேரியின் எண்ணையும் ஐ.நா.வின் எண்ணையும் எடுத்து, அரசாங்கம் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வியாக வைத்தார். அதன் பலமே அதில்தான் இருந்தது.

"கணக்கில் வராதவர்" என்பதை "கொல்லப்பட்டவர்" என்று மாற்றி எழுதியவுடன் அந்தப் பலம் போய்விடுகிறது. எதிர்த்தரப்பில் இருப்பவர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு "பாருங்கள், இவர்கள் சொல்வதெல்லாம் மிகை" என்று முழுவதையும் தள்ளிவிடுவார். 2011இல் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்ற மதிப்பீட்டைப் பதிவு செய்தது. 2012இல் ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு அறிக்கை 70,000க்கு மேற்பட்டவர்கள் கணக்கில் வரவில்லை என்பதற்கு நம்பத்தகுந்த தகவல் உண்டு என்றது. மூன்றும் மூன்று விதமான கணக்கு. எது இறப்பு, எது கணக்கில் வராதது, எது எந்தக் காலத்துக்குரியது என்று பிரித்து எழுதத் தெரிந்த பிள்ளையின் கட்டுரையை எவராலும் தூக்கி எறிய முடியாது.

இதைச் சொன்னால் சிலர் "நீங்கள் யாருக்காகக் கதைக்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். செத்தவர்களுக்காகத்தான் கதைக்கிறோம். அவர்களுடைய கணக்கைக் கவனமில்லாமல் எழுதுவதைவிட அவர்களுக்குச் செய்யும் பெரிய அவமரியாதை வேறு என்ன?

அப்படியென்றால் அரசாங்கம் சொல்வதை மட்டும் எழுத வேண்டுமா? அதுவும் இல்லை. 2009 தொடக்கத்தில் வன்னிக்குள் 70,000 பேர் அளவில்தான் இருக்கிறார்கள் என்று கொழும்பு சொன்னது. அதே நேரம் உள்ளே நின்ற மாவட்டச் செயலக அதிகாரிகளின் கணக்கு 3 இலட்சத்துக்கு மேல். கடைசியில் உயிரோடு வெளியே வந்தவர்களே 2 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல். அரச முத்திரை இருப்பதால் ஒரு எண் உண்மையாகிவிடாது என்பதற்கு எங்கள் ஊரை விடப் பெரிய சாட்சி இல்லை. யார் சொன்னார், எங்கே நின்று சொன்னார், அப்படிச் சொல்வதால் அவருக்கு என்ன லாபம்: இந்த மூன்றையும் கேட்கப் பழக வேண்டும். கொழும்பிடமும் கேட்க வேண்டும், எங்கள் ஆட்களிடமும் கேட்க வேண்டும்.

முஸ்லிம்கள் பக்கத்திலும் இதே கூத்துத்தான். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 72,000 முதல் 75,000 வரை என்பதுதான் ஆய்வுகளில் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளப்படும் தொகை. வட்சப்பில் அது ஒரு இலட்சம் ஆகும், ஆள் மாறினால் இன்னும் ஏறும். இன்னொரு பக்கத்தில் "கொஞ்சக் குடும்பம்தானே போனது" என்று குறையும். ஏற்றுகிறவருக்கும் மூலம் இல்லை, இறக்குகிறவருக்கும் மூலம் இல்லை. வெளியேற்றப்பட்ட மக்களின் வாக்குமூலங்களைத் திரட்டிய பிரசைகள் ஆணைக்குழுவின் அறிக்கையைச் சட்ட மற்றும் சமூக நம்பிக்கை நிறுவனம் 2011இல் வெளியிட்டது. அதைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்?

தொகை ஏன் இப்படி ஊசலாடுகிறது என்பதற்கும் காரணம் உண்டு. முல்லைத்தீவில் 1981க்குப் பிறகு முழுமையான குடிசன மதிப்பீடு 2012இல்தான் நடந்தது. 2001 மதிப்பீடு இங்கே நடக்கவேயில்லை. ஆகவே "2001 குடிசன மதிப்பீட்டின்படி முல்லைத்தீவில்" என்று தொடங்கும் வரியை எங்கே கண்டாலும் நிறுத்திப் பாருங்கள். அது மதிப்பீட்டில் எண்ணிய தொகையாக இருக்க முடியாது, யாரோ கணித்துப் போட்டதாகத்தான் இருக்கும்.

இன்னும் பழைய உதாரணம் வேண்டுமா? கற்சிலைமடுவில் இருக்கிற கல்லைப் பற்றிப் பிள்ளைகள் எழுதுகிறார்கள்: "1803 ஒக்டோபர் 31இல் பண்டாரவன்னியன் இங்கே கொல்லப்பட்டான் என்று கல்வெட்டு கூறுகிறது." கல்வெட்டு அப்படிக் கூறவில்லை. கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்றுதான் அதில் இருக்கிறது. தோற்கடிப்பது வேறு, கொல்வது வேறு. அதோடு, அந்தக் கல்லை நட்டது வென்றவன் பக்கம். அது என்ன சொல்கிறது, யார் சொல்ல வைத்தது என்ற இரண்டையும் எழுதினால்தான் ஆய்வு. வன்னியைப் பற்றி 1895இல் ஜே.பி. லூயிஸ் எழுதிய பெரிய கையேடும் அப்படித்தான். அதில்லாமல் வன்னி வரலாறு எழுத முடியாது. ஆனால் எழுதியவர் வெள்ளைக்கார அரசின் அதிகாரி என்பதை மறந்தும் எழுத முடியாது.

இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. சட்ஜிபிடி. கேட்டவுடன் கட்டுரையும் தரும், உசாத்துணையும் தரும். ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் அழகாக இருக்கும். தேடிப் போனால் அப்படி ஒரு நூலே இல்லாமல் இருக்கும். பொருத்தமான சொற்களை அடுக்குவதுதான் அதன் வேலை, நூலகத்துக்குப் போய்ப் பார்த்துச் சொல்வது அல்ல. 2023இல் நியூயோர்க்கில் இரண்டு சட்டத்தரணிகள் அது கொடுத்த வழக்குகளை நம்பி நீதிமன்றத்தில் சமர்ப்பித்தார்கள். அப்படி வழக்குகளே நடக்கவில்லை என்று தெரியவந்து, நீதிபதி 5,000 டொலர் தண்டம் போட்டார். படித்துப் பட்டம் வாங்கித் தொழில் செய்தவர்களுக்கே அந்தக் கதி.

"சஞ்சிகையில் வந்தது, அதனால் சரி" என்பவர்களும் நில்லுங்கள். தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று சொன்ன கட்டுரை 1998இல் லான்செட் என்ற பெரிய மருத்துவச் சஞ்சிகையில்தான் வந்தது. அது பார்த்தது வெறும் 12 பிள்ளைகளை. 2010இல் சஞ்சிகையே அதை மீளப்பெற்றது. இன்றைக்கும் அதைக் காட்டித் தடுப்பூசி வேண்டாம் என்று வட்சப்பில் அனுப்புகிறார்கள். ஒரு கட்டுரை வந்த பிறகு அதற்கு என்ன நடந்தது என்று பார்ப்பதும் வாசிப்புத்தான்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த கம்பஸ் சட்டம் என்று நினைக்க வேண்டாம். நபிமொழி தொகுத்த இமாம்கள், ஒவ்வொரு செய்தியையும் யார் யாரிடம் கேட்டுச் சொன்னார் என்று சங்கிலியாகத் தேடி, அதில் ஒருவர் நம்பகமில்லாதவர் என்றால் அந்தச் செய்தியைப் பலவீனமானது என்று ஒதுக்கினார்கள். எங்கள் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை ஏட்டுச் சுவடிகளைத் தேடிச் சேர்த்து ஒப்பிட்டுத்தான் 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். மூலம் தேடுவது எங்கள் இரண்டு பக்கத்துக்கும் பரம்பரைச் சொத்து. அதைக் கொமினிகேசனில் பக்கத்துக்கு இவ்வளவு என்று விற்றுக்கொண்டிருக்கிறோம்.

சரி, பிள்ளைகள் எங்கே போவது? வழி இருக்கிறது.

ஈழத்துத் தமிழ் நூல், பழைய பத்திரிகை, சஞ்சிகை வேண்டுமென்றால் 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் இருக்கிறது. காசில்லை. கைத்தொலைபேசியிலேயே வாசிக்கலாம். இலங்கைச் சஞ்சிகைக் கட்டுரைகளைப் பல்கலைக்கழகங்களின் இணையக் களஞ்சியங்களில் எடுக்கலாம். சனத்தொகைக்குத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம். விக்கிப்பீடியாவை வாசியுங்கள், ஆனால் கீழே இருக்கிற மேற்கோளைத் திறந்து அந்த மூலத்தை வாசித்து, அதை எழுதுங்கள். பிரதேச செயலகத்திலோ திணைக்களத்திலோ இருக்கிற தகவல் வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை அவர்கள் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் விட, ஊரில் இருக்கிற வயதானவர்களிடம் போய் இருந்து கேளுங்கள். பெயர், திகதி, இடம் குறித்து எழுதுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்கள் போய்விட்டால் அந்த மூலமும் போய்விடும்.

பெரியவர்களிடம் எங்கள் கோரிக்கை மூன்று. பெற்றோரே, ஒப்படை செய்து தரும் கடைக்குக் காசு கொடுக்காதீர்கள். அந்தக் காசுக்கு டேட்டா போட்டுக் கொடுங்கள். பழைய மாணவர் சங்கங்களே, விளையாட்டுப் போட்டிக்கும் மேடைக்கும் செலவழிப்பதில் ஒரு பங்கை எடுத்து, பிரதேச சபை நூலகத்தில் எங்கள் மாவட்டத்தைப் பற்றிய நூல்களுக்கென்று ஒரு அலுமாரி வையுங்கள். விரிவுரையாளர்களே, ஒவ்வொரு ஒப்படையிலும் ஒரேயொரு உசாத்துணையைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். ஒன்று போதும். அடுத்த ஒப்படையில் பிள்ளை தானாகத் தேடும்.

எங்களிடம் ஒப்படை கொண்டுவரும் பிள்ளைகளிடம் நாங்கள் கேட்டுக்கொண்டேதான் இருப்போம்: "எங்க எடுத்தனீங்கள்?" பதில் இல்லாத வரியை வெட்டச் சொல்வோம். அதற்காக யார் எங்களுக்கு என்ன பெயர் வைத்தாலும் பரவாயில்லை. கருத்து வேறுபாடு உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். மூலத்தையும் சேர்த்து எழுதுங்கள்.