கல்லைக் காப்பவர்கள் கடையையும் காக்க வேண்டும்

நம்மவர்களில் பிள்ளைகளைப் பார்க்க லண்டன் போய் வருகிறவர்கள் இப்போது பெருகிவிட்டனர். திரும்பி வந்து அவர்கள் காட்டும் படங்களில் இங்கிலாந்தின் பழைய கிராமம் ஒன்று தவறாமல் இருக்கும். தேன் நிறக் கல்லில் கட்டிய வீடுகள், வைக்கோல் கூரை, வாசலில் ரோஜாக் கொடி, தெருக்கோடியில் மாதா கோவில். "இருந்தால் இப்படி ஓர் ஊரில் இருக்க வேண்டும்" என்று சொல்லாதவர் இல்லை. பார்ப்பது வேறு, குடியிருப்பது வேறு. எந்த ஊரின் படத்தைப் பார்த்தாலும் வியாபாரியின் மனதில் முதலில் எழும் கேள்வி ஒன்று உண்டு: இந்த ஊர்க்காரர்கள் உப்பும் சர்க்கரையும் வாங்க எங்கே போகிறார்கள்?

அந்த ஊர்களின் அழகு எப்படி நிலைத்தது என்பதிலேயே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. சஃபோக் மாவட்டத்தில் லாவன்ஹாம் என்று ஓர் ஊர். கம்பளித் துணி வியாபாரத்தால் செழித்தது. 1520-களின் வரிக் கணக்குப்படி இங்கிலாந்தின் பணக்கார ஊர்களில் அதுவும் ஒன்று. அங்குள்ள பெரிய மாதா கோவிலே துணி வியாபாரிகளின் பணமும் சேர்ந்து எழுந்ததுதான். பிறகு வேறு ஊர்களில் இலேசான, மலிவான துணி நெய்யத் தொடங்கினார்கள். லாவன்ஹாமின் வியாபாரம் படுத்தது. வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டக் கையில் காசில்லை. அதனால் மரச் சட்டம் போட்ட பழைய வீடுகள் அப்படியே நின்றன. இன்று உலகமே வந்து அவற்றைப் பார்க்கிறது. வியாபாரம் போனதால் மிஞ்சிய அழகு அது என்பதைப் பார்க்கிறவர்களில் எத்தனை பேர் நினைக்கிறார்கள்?

வில்ட்ஷயரில் லேகாக் என்ற கிராமம் இன்னும் வியப்பானது. 1944-ல் மடில்டா டால்பட் என்ற அம்மையார், தமக்குச் சொந்தமான மடத்து மாளிகையையும் கிராமத்தையும் 'நேஷனல் டிரஸ்ட்' அறநிலையத்துக்குக் கொடுத்துவிட்டார். அங்கே பெரும்பாலோர் டிரஸ்டின் வாடகைக் குடித்தனக்காரர்களே. தெருவில் மின்கம்பிகூடக் கண்ணில் படாது. பழங்காலக் கதை எடுக்கும் சினிமாக்காரர்களும் டெலிவிஷன்காரர்களும் அங்கே வந்து போவது வழக்கம்.

சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்கும் கட்டுப்பாடு குறைவில்லை. பாதுகாக்கப்பட்ட கட்டிடம் என்று பட்டியலில் ஏறிவிட்டால், அதன் தன்மையை மாற்றும் வேலை எதற்கும் முன் அனுமதி வேண்டும். குளிருக்கு அடக்கமாக இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட நினைத்தாலும் கேட்க வேண்டும். கேளாமல் செய்தால் அது குற்றம். 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. கூரை வேய ஆள் கிடைப்பது அரிது; கூலியும் அதிகம். இதற்கு மேல் சுற்றுலாக் கூட்டம். பைபரி என்ற சிற்றூரில் ஆர்லிங்டன் ரோ என்ற பழைய நெசவாளர் வீடுகளைப் பார்க்க வரும் பஸ்களுக்கு வழி விட்டே உள்ளூர்க்காரர்கள் சலித்துப் போகிறார்கள்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத குறை வேறு. நகரத்துச் செல்வர்கள் விடுமுறைக்கென்று இங்கே இரண்டாவது வீடு வாங்குகிறார்கள். விலை ஏறுகிறது, ஊர்ப் பிள்ளைகள் வெளியேறுகிறார்கள். வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீடு எந்தக் கடைக்கும் வாடிக்கை இல்லை. 2025 ஏப்ரல் முதல் இத்தகைய வீடுகளுக்கு நகராட்சி வரியை இரட்டிப்பாக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் வந்திருக்கிறது. இருக்கிறவர்களும் காரில் ஏறிப் போய்ப் பெரிய சூப்பர் மார்க்கெட்டில் வாரச் சாமானை அள்ளி வருகிறார்கள். தீப்பெட்டிக்கும் ரொட்டிக்கும் மட்டும் உள்ளூர்க் கடை. அந்த வியாபாரத்தில் கல்லா எப்படி நிறையும்?

கடை மூடினால் அது வீடாக மாறிவிடுகிறது. 'பழைய கடை', 'பழைய தபாலாபீஸ்', 'பழைய ரொட்டிக்கடை' என்று வீட்டுக்குப் பெயர் எழுதிய பலகைகளை அந்நாட்டுக் கிராமங்களில் நிறையக் காணலாம். முகப்பைக் காக்கச் சட்டம் உண்டு. உள்ளே நடந்த வியாபாரத்தைக் காக்க அந்தச் சட்டத்தில் வழி இல்லை. கார் ஓட்ட முடியாத கிழவர் ஒரு பால் பாட்டிலுக்குப் பஸ்ஸை நம்ப வேண்டும். அந்தப் பஸ்ஸும் எப்போதோ ஒன்று. இரண்டு நாள் கடைக்கு வராத பாட்டியைப் பற்றி விசாரிக்கவும் ஆளில்லை. அழகு சோறு போடுமா?

அங்குள்ள மக்கள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கடை மூடும் நிலை வந்தால் ஊரே பங்கு போட்டு அதை வாங்கி நடத்துகிறது. எத்தனை பங்கு வாங்கினாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டுத்தான். ஒரு மேனேஜருக்குச் சம்பளம். மற்றவர்கள் முறை வைத்துக் கல்லாவில் உட்காருகிறார்கள். 1919-ல் தொடங்கிய பிளங்கெட் நிறுவனம் இவர்களுக்கு வழி காட்டுகிறது. பிரிட்டன் முழுவதும் ஏறத்தாழ 400 கடைகள் இப்படி நடக்கின்றன. ஊருக்கு முக்கியமான கட்டிடம் விலைக்கு வந்தால், பணம் திரட்ட ஊராருக்கு ஆறு மாத அவகாசம் கிடைக்க 2011-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. 3,000 பேருக்குக் குறைந்த ஊரில் இருக்கும் ஒரே சிறு கடைக்கு, 2017 முதல் வணிகக் கட்டிட வரியில் முழு விலக்கும் வந்தது.

சம்பளமில்லாத ஆட்களை வைத்து நடத்துவது வியாபாரமா என்று நம்மில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தொண்டர்களுக்குக் கூலி இல்லாவிட்டாலும் சரக்குக்கு விலை உண்டு. சிறு கடைக்காரனின் கழுத்தைப் பிடிப்பது கொள்முதல்தான். சூப்பர் மார்க்கெட் வண்டி வண்டியாக வாங்குகிறது. இவன் அட்டைப்பெட்டிக் கணக்கில் வாங்குகிறான். பிரிட்டனில் சிறு கடைகளுக்குச் சரக்குத் தரும் பெரிய மொத்த நிறுவனம் புக்கர். அதை 2018-ல் டெஸ்கோ சூப்பர் மார்க்கெட்டே வாங்கிவிட்டது. போட்டிக்காரனிடமே கொள்முதல் செய்கிற நிலை சில்லறைக் கடைக்காரனுக்கு வரலாமா? மொத்த வியாபாரிகளான நாம் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். தூரத்துக் கடைக்கு நாலு பெட்டி சரக்கு அனுப்புவது நமக்கு லாபக் குறைவு என்று கைகழுவினால், அந்தக் கடையோடு நமது வாடிக்கையும் போகும்.

பழைய கட்டிடத்தைக் காப்பது நல்ல காரியமே. ஆனால் ஊர் என்பது கல்லும் கூரையும் மட்டுமல்ல. காலையில் திறக்கும் ஒரு கதவும், பேர் சொல்லிக் கூப்பிடும் ஒரு கடைக்காரனும் இருந்தால்தான் அது ஊர். கடையைக் காக்க மானியமும் சட்டமும் ஓரளவுக்கே உதவும். வாராவாரம் சாமான் பட்டியலில் பாதியையாவது உள்ளூர்க் கடையில் வாங்குவது என்று அந்த ஊரார் முடிவு செய்வதே நிலையான பாதுகாப்பு. அவர்களை அப்படி முடிவு செய்ய வைப்பது நியாயமான விலை, சரியான எடை, முகமலர்ச்சி. அது கடைக்காரன் கையில் இருக்கிறது.