படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்



போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் தமிழ் ஐயா தன் மடிக்கணினியில் எங்கள் வகுப்புக்கு ஓர் ஆவணப்படம் போட்டுக் காட்டினார். பெயர் 'வார் போட்டோகிராஃபர்'. 2001-ல் வந்தது. சுவிட்சர்லாந்து இயக்குநர் கிறிஸ்டியன் ஃப்ரெய் எடுத்தது. ஜேம்ஸ் நாக்ட்வே என்ற அமெரிக்கப் போட்டோக்காரரைப் பற்றிய படம். இங்கிலீஷ் புரியாத இடத்தில் ஐயா நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

நாக்ட்வேயின் கேமரா மேலேயே ஒரு குட்டி வீடியோ கேமராவை மாட்டியிருக்கிறார்கள். அதனால் பட்டனை அமுக்கும் விரலும், எதிரே இருக்கும் மனிதரும் நமக்குச் சேர்ந்தே தெரிகிறார்கள். கொசோவோவில் சொந்தங்களைப் பறிகொடுத்து அழும் பெண்களின் பக்கத்தில் போய் நின்று படம் எடுக்கிறார்.

"அழுகிறவங்களைப் படம் எடுக்கலாமா? கல் மனசு!" என்றாள் என் தோழி. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் 1998-ல் ஜகார்த்தாவில் ஒரு மனிதரைக் கும்பல் அடித்துக் கொல்ல வந்தபோது, அவரை விட்டுவிடச் சொல்லி மண்டியிட்டுக் கெஞ்சியவரும் இதே நாக்ட்வேதான். கும்பல் கேட்கவில்லை, கொன்றுவிட்டது. அவர் படமும் எடுத்தார், கெஞ்சவும் செய்தார்.

எனக்கு எங்க ஆத்தா ஞாபகம் வந்தது. மழையில் எங்க தெருவுக்குள் தண்ணி புகுந்தபோது இலவச அரிசிக்கு வரிசையில் நின்றோம். ஒருத்தர் செல்போனில் படம் எடுத்தார். ஆத்தா முந்தானையால் முகத்தை மூடிக்கிட்டாங்க. "கையை எடுங்கம்மா, முகம் தெரியட்டும்" என்றார். ஆத்தா எடுத்துட்டாங்க. அரிசி வேணுமே!

படம் வெளியே போனால்தானே உதவி வரும் என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். அதனால் படமே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. "எடுக்கட்டுமா?" என்று கேளுங்கள். வாய் பேச முடியாத நேரமாக இருந்தால் முகத்தைப் பாருங்கள். வேண்டாம் என்றால் கேமராவைக் கீழே இறக்குங்கள். அவ்வளவுதான் என் கருத்து.

சொல்கிற நான் மட்டும் ஒழுங்கா? விளையாட்டு விழாவில் ஓடும்போது விழுந்து அழுத ஏழாம் வகுப்புத் தம்பியை ஐயாவின் கேமராவில் எடுத்தது நான்தான். எல்லோரும் பார்த்துச் சிரித்தோம். நேற்று அவனிடம் போய்க் கேட்டேன். "எடுத்துருங்கக்கா" என்றான்.

எடுத்துவிட்டேன். அந்தப் படம் இருந்த இடத்தில்தான் இந்தத் தாளை ஒட்டியிருக்கிறேன்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி