துள்ளும் தாளம், துயரப் பாட்டு

கேட்டவுடன் காலைத் தட்டத் தோன்றும் தாளம். காது கொடுத்துச் சொற்களைக் கவனித்தாலோ மனம் கனத்துப் போகும். 1984-ஆம் ஆண்டு பிரிட்டனின் நடன விடுதிகளையெல்லாம் கலக்கிய 'ஸ்மால்டவுன் பாய்' என்ற பாட்டு இத்தகையது. 'சிற்றூர்ப் பையன்' என்று அதற்குப் பொருள். தன்னை ஏற்காத ஊரையும் வீட்டையும் விட்டுத் தனியே புறப்பட்டுவிடும் ஒரு வாலிபனின் கதை அது. பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் அது மூன்றாம் இடம் வரை ஏறியது.

பாட்டைத் தந்தவர்கள் 'பிரான்ஸ்கி பீட்' என்ற மூவர் குழுவினர். ஜிம்மி சோமர்வில், ஸ்டீவ் பிரான்ஸ்கி இருவரும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தார். மூன்றாமவர் இங்கிலாந்துக்காரரான லாரி ஸ்டைன்பாசெக். மூவரும் ஆண்களை நேசிக்கும் ஆண்கள். இசைத்தட்டு உலகில் இவர்களைப் போன்றோர் அதற்கு முன் இல்லாமலில்லை. ஆனால் ரசிகர் கூட்டம் கலைந்துவிடுமே என்று அஞ்சி, பட்டும் படாமலும் பேசித் தப்பித்துக்கொண்டவர்களே அதிகம். இவர்கள் முதல் தட்டிலேயே விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டார்கள்.

ஏன் இந்தத் துள்ளல்?

சொல்ல வந்ததோ சோகக் கதை. அதற்கு மின்னணு வாத்தியங்களும், தாளம் தட்டும் யந்திரமும், ஆட்டம் போடவைக்கும் வேகமும் எதற்கு? இதற்கு மேல் சோமர்வில்லின் குரல் வேறு. ஆண் குரல்தானா என்று ஐயுறச் செய்யும் உச்ச ஸ்தாயியில் அது எழும்பி, அழுகையாகவே நீண்டு போகிறது.

கசப்பு மருந்துக்குத் தேன் தடவியது போல என்று சிலர் சொல்லக்கூடும். அது பாதி உண்மைதான். மெதுவான ஒப்பாரியாகப் பாடியிருந்தால் ஏற்கெனவே இரக்கப்பட்டவர்கள் மட்டுமே கேட்டு உச்சுக் கொட்டியிருப்பார்கள். தாளத்தின் தயவால், அந்தப் பையனைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடியவர்களும் அவன் கதையை முணுமுணுத்தார்கள்.

மற்றப் பாதிதான் முக்கியமானது. ஊரை விட்டு ஓடிய பையன் எங்கே போய்ச் சேருவான்? லண்டன் போன்ற ஒரு பெருநகருக்கு. அங்கே தன்னைப் போன்றோரை அவன் அச்சமின்றிச் சந்திக்கக்கூடிய இடங்கள் மிகச் சில. அவற்றில் ஒன்று நடன விடுதி. ஆகவே அந்தத் தாளம் துக்கத்தின் மேல் போர்த்திய போர்வையன்று; அவன் ஏறிய ரயில் போய் நிற்கும் இடமே அதுதான். அழுகையும் ஆட்டமும் அவனுக்கு ஒரே கூரையின் கீழ் கிடைத்தன.

பாட்டுக்காக எடுத்த சிறு படத்தில் ஒரு காட்சி உண்டு. போலீசார் பையனை வீட்டில் கொண்டுவந்து விடுகிறார்கள், செய்தி வெளியாகிவிடுகிறது. புறப்படும்போது தாயார் கட்டித் தழுவுகிறாள். தந்தை கையில் பணத்தைக் கொடுக்கிறார்; ஆனால் மகன் நீட்டிய கையைக் குலுக்க மறுக்கிறார். பணம் கொடுக்க மனம் வருகிறது, கை கொடுக்க வரவில்லை! நீண்ட வசனம் எழுதி விளக்கினாலும் இவ்வளவு உறைக்காது.

உறையில் அச்சான சட்டம்

அதே ஆண்டு அக்டோபரில் வந்த முதல் ஆல்பத்துக்கு அவர்கள் வைத்த பெயரே ஒரு வழக்கு: 'தி ஏஜ் ஆஃப் கன்ஸென்ட்', அதாவது சம்மத வயது. அன்றைய பிரிட்டனில் ஆணும் பெண்ணும் கூட 16 வயது போதும். இரு ஆண்களுக்கோ 21 ஆகவேண்டும். பல நாடுகளில் இந்த வயது என்ன என்ற பட்டியலையே உள்ளுறையில் அச்சிட்டுவிட்டார்கள். சர்க்காருக்கு மனுப் போடும் காரியத்தை இசைத்தட்டு உறை செய்தது.

அதற்குக் காரணம் இருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1967-லேயே தளர்ந்த தடை, ஸ்காட்லாந்தில் 1980-ல்தான் சட்டத்தால் திருத்தப்பட்டது. சோமர்வில் 1961-ல் பிறந்தவர். தம் இயல்பே குற்றம் என்று சொன்ன நாட்டில்தான் அவர் வாலிபரானார்.

பாட்டோடு அவர்கள் நிற்கவில்லை. 1984 டிசம்பர் 10-ந் தேதி லண்டன் காம்டன் பகுதியில், வேலைநிறுத்தத்திலிருந்த சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கச்சேரி செய்தார்கள். தென் வேல்ஸ் பள்ளத்தாக்குக் குடும்பங்களுக்கு நிதி சேர்ந்தது. சுரங்கத் தொழிலாளிக்கும் நடன விடுதிப் பையனுக்கும் என்ன உறவு என்று கேட்டவர்களுக்கு, 1985-ல் லேபர் கட்சி மாநாட்டில் விடை கிடைத்தது. சம உரிமைத் தீர்மானம் அங்கே நிறைவேற, சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் வோட்டுகள் பெரிதும் துணை நின்றன.

சட்டம் மட்டும் ஆமை வேகத்தில் நகர்ந்தது. இடையில் 1988-ல் தாட்சர் அம்மையாரின் சர்க்கார் பின்னோக்கியே நடந்தது: தன்பாலின நேசத்தை 'ஊக்குவிக்க' உள்ளாட்சி மன்றங்களுக்குத் தடை விதித்தது. 1994-ல் சம்மத வயதை 16 ஆக்கும் திருத்தம் 307-க்கு 280 என்ற கணக்கில் தோற்று, 18 என்று சமரசம் ஏற்பட்டது. பிரபுக்கள் சபையின் எதிர்ப்பைத் தாண்டி 2000-ல்தான் 16 என்ற சமநிலை சட்டமாயிற்று. அதே பிரிட்டிஷார் 1860-ல் இந்தியாவின் தலையில் கட்டிய 377-வது பிரிவின் பிடியை நமது சுப்ரீம் கோர்ட்டு 2018 செப்டம்பர் 6-ந் தேதி தளர்த்தியது. வயது வந்தோர் மனமொத்துக் கூடுவது குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது.

சோமர்வில் 1985-லேயே குழுவை விட்டு விலகினார். ஸ்டைன்பாசெக் 2016-லும் பிரான்ஸ்கி 2021-லும் காலமானார்கள். ஆல்பத்தின் நாற்பதாம் ஆண்டையொட்டி 2024-ல் புதிய பதிப்பு வெளிவந்தது. அதற்கு ஆடும் இளைஞர்களில் பலர், உறையில் பட்டியல் அச்சானபோது பிறந்திருக்கவேயில்லை.